ஒரு மணித்தியாலத்தில் விருச்சிகம்

செல்வரட்ணம் அண்ணை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். எதை என்பதை நிஷானியும் றோகானும்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டுமே அவருடைய தொலைநோக்கிகள். முப்பது வருசம் லண்டனில் எஞ்சினியராக இருந்துவிட்டு உடுப்பிட்டிக்குத் திரும்பியவர் அவர். ஒன்றை ஆறு வருசத்துக்கு முன்பே இவர்களிடம் தந்துவிட்டார். நீளமான வெள்ளைக் குழாய், எஃப் ஏழு. மற்றது போன மாதம்தான் கப்பலில் வந்தது. கட்டையாக, வாளிபோலப் பருத்திருந்தது. எஃப் இரண்டு. அந்த எண் எவ்வளவு சிறிதோ அவ்வளவு விரைவாக ஒளி சேரும். இப்போது இடுப்பு நாரி வருத்தம் கூடிவிட்டதால் மகளோடு இருக்க அவர் திரும்பவும் லண்டனுக்கே போகிறார். ஒன்று இவர்களுக்கு, மற்றது கிளிநொச்சியில் தமக்கையின் மகனுக்கு.

"ரெண்டையும் வைச்சிருக்க ஆசைப்படாதேங்கோ," என்றார் அன்று. "ஒரு வீட்டில ரெண்டு ரெலஸ்கோப் இருந்தால் புருசன் ஒண்டோடையும் பொஞ்சாதி ஒண்டோடையும் நிண்டு, பிறகு கதை பேச்சில்லாமல் போயிடும்."

றோகான் சிரித்தான். நிஷானியும் சிரித்தாள், கொஞ்சம் பிந்தி.

மூன்று கிழமையில் றோகான் மெல்பேர்ணுக்குப் போகிறான். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கணினிப் பிரிவில் இரண்டு வருச வேலை. மாசி மாதம் கடிதம் வந்தபோது, "முதல் நான் போய் நிலைமையைப் பாக்கிறன்," என்று சொன்னான். யாழ்ப்பாணத்தில் வெளிக்கிடும் எல்லா ஆண்களும் சொல்லும் வசனம்தான் அது. ஆனால் அவர்களில் அநேகம்பேர் அதோடு இன்னொரு வசனமும் சொல்வார்கள். பிறகு உன்னைக் கூப்பிடுகிறேன் என்றோ, இரண்டு வருசம் கண்மூடித் திறக்க முதல் போய்விடும் என்றோ. அந்த இரண்டாவது வசனத்துக்காக நிஷானி ஐந்து மாதம் காத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிக்கிறவள். ஒன்று நிகழவில்லை என்பதையும் ஓர் அளவீடாகக் குறித்துக்கொள்ளத் தெரிந்தவள். ஆனாலும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டால் அவன் பொய் சொல்ல மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். பதினொரு வருசத்தில் அவனிடம் அவளுக்கு மிகவும் பிடித்த குணமும் அதுதான், இப்போது பயமாக இருப்பதும் அதுதான்.

அதனால் அவள் ஒரு சின்னப்பிள்ளைத்தனமான வேலை செய்தாள். றோகான் நீளக் குழாயைத் தெரிந்தெடுத்தால் அவன் திரும்பி வருவான் என்று மனத்துக்குள் குறித்துவைத்தாள். அப்படி ஒன்றும் ஆதாரமில்லாத சீட்டுக்குலுக்கல் அல்ல அது. எஃப் ஏழில் ஒரு படம் எடுத்து முடிக்க மாதங்கள் வேண்டும், சில வேளை வருசங்கள் வேண்டும். திரும்பி வர நினைப்பவன்தான் அதைக் கேட்பான்.

வருசப் பிறப்பு ஆராதனையில், அந்த வருசத்துக்கான வேதவசனம் என்று ஆளுக்கொன்றாக எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளின் தட்டு வரும்போது, சின்ன வயதில் அவள் ஒருமுறை எடுத்த அட்டை பிடிக்காமல், பக்கத்திலிருந்த தாய்க்குத் தெரியாமல் அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்திருக்கிறாள். இந்தத் தடவை அப்படிச் செய்வதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நீளக் குழாயின் குறைகளெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆடி மாதச் சோளகக் காற்று அடித்தால் அது கொடிபோல ஆடும். ஒவ்வொரு படமும் ஐந்து நிமிடம் பதிய வேண்டும். நாலாவது நிமிடத்தில் ஒரு காற்று வந்தால் நட்சத்திரமெல்லாம் புழுவாகிவிடும். வில்லையில் பனி படியும். ஒராள் கணினியில் கண் வைத்திருக்க, மற்றவர் தலைமயிர் உலர்த்தும் கருவியோடு வில்லையைக் காய்ச்சிக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி நின்றுதான் இருவரும் விருச்சிகத்தில் கேட்டை நட்சத்திரத்தைச் சுற்றியிருக்கிற மேகத்தைப் படம் பிடித்தார்கள். மஞ்சளும் நீலமுமாகக் கேட்டையடியில் பரந்து கிடக்கும் அந்த மேகம் எஃப் ஏழின் சட்டத்துக்குள் அடங்காது. நாலு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். ஒரு துண்டுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம். இரண்டு வருசத்தில் மூன்று துண்டு முடிந்திருந்தது. நாலாவது இந்த வருசம் என்று இருந்தார்கள்.

பன்னிரண்டு மணித்தியாலத்தில் செய்வதற்கு அதிகம் வேலை இருக்காது. கமரா தன் பாட்டுக்குப் பதிந்துகொண்டிருக்கும். அவர்கள் பிளாஸ்ரிக் கதிரைகளில் இருந்து கதைப்பார்கள். தன் தகப்பன் கடைசிக் காலத்தில் தன்னை அடையாளம் தெரியாமல் "நீ ஆற்றை பெடியன்?" என்று கேட்டதை றோகான் சொன்னது அந்தக் கதிரையில் இருந்துதான். மூன்றாவது முறையும் பிள்ளை தங்காமல் போனபின், இனி முயற்சி செய்ய வேண்டாம் என்று நிஷானி சொன்னதும் அங்கேதான். வீட்டுக்குள் வெளிச்சத்தில் அவர்கள் இதெல்லாம் கதைத்ததில்லை. வீட்டுக்குள் கறிக்கு உப்புப் போதுமா என்பதையும், தண்ணீர் மோட்டரைப் பற்றியும் கதைப்பார்கள்.

வெள்ளியிரவு இருவரும் கட்டைத் தொலைநோக்கியைப் பரீட்சித்தார்கள். அதில் கமரா பின்பக்கம் இல்லை. வாயின் நடுவில், குழாய்க்கு முன்னால், ஒரு டின்பால் பேணி அளவில் துருத்திக்கொண்டு நின்றது. கண் வைத்துப் பார்க்க இடமே கிடையாது. நிலாவைக் காட்டும்படி செல்வரட்ணம் அண்ணையிடம் அவருடைய மனைவி கேட்டாவாம். இதில் பார்க்கேலாது, படம்தான் எடுக்கலாம் என்றாராம். "அப்ப உதை ரெலஸ்கோப் எண்டு சொல்லாதேங்கோ, குருட்டு வாளி எண்டு சொல்லுங்கோ," என்றாவாம் மனைவி.

குருட்டு வாளிக்கும் சீக்குகள் உண்டு. அதன் குவியம் மயிரிழையில் நிற்கும். இரவு கொஞ்சம் குளிர்ந்தாலே விலகிவிடும். கமரா ஒரு கடதாசித் தடிப்புக்குச் சரிந்தாலும் ஒரு மூலை நட்சத்திரமெல்லாம் சிறகு முளைத்துக் கொக்குப்போல நிற்கும். றோகான் அந்தச் சரிவை நிமிர்த்தவே ஒன்றரை மணித்தியாலம் பாடுபட்டான். அது முடிந்ததும், நிமிடத்துக்கு ஒன்றாக அறுபது படம். காற்றுப் பழுதாக்கியவற்றைக் கணினி தானே கழித்துவிட்டது. ஒரு மணித்தியாலம் கழிய, "சரி, முடிஞ்சுது," என்று அவன் எழும்பினான்.

நிஷானி அப்போதுதான் கதிரையைத் துடைத்துவிட்டு இருந்திருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவன் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து கூப்பிட்டான்.

"இஞ்சரும், ஒருக்கா ஓடிவாரும்!"

நாலு துண்டும் ஒரே சட்டத்துக்குள் இருந்தன. கேட்டையின் மஞ்சள் புகை, பக்கத்தில் நீலம், இடையே கரிய ஓடைகள். அவர்கள் இன்னும் எடுக்காத நாலாவது துண்டும் அங்கே இருந்தது, ஏதோ எப்போதும் அங்கே இருந்ததுபோல.

"ரெண்டு வருசத்து வேலையப்பா. ஒரு மணித்தியாலம்!" என்றான். அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைக் கண்டு கனகாலம். "கணக்குப் பாரும். ஏழை ரெண்டாலை பிரிச்சு வர்க்கிச்சால் பன்னிரண்டே கால். அதோடை அகலம் வேற. மழைக்கு முதல் நாலு நல்ல இரவு கிடைச்சாலும் நாலு படம். உந்த நீளத்தை வைச்சுக்கொண்டு நீர் தனிய என்ன செய்வீர்?"

நீர் தனிய.

"ஓரத்தில இருட்டு விழுந்திருக்கு," என்றாள்.

"அது வெள்ளைப்படம் எடுத்தால் போயிடும். கமராவைக் கழட்டாமல் அப்பிடியே வைச்சிருக்கிறன். பின்னேரம் எடுப்பம்."

வெள்ளைப்படம் என்பது அவர்களுடைய சொல். தொலைநோக்கியின் வாயை வெள்ளைத் துணியால் மூடி, சூரியன் விழுந்தவுடன் இருக்கும் சமமான வெளிச்சத்தில் வெறும் வானத்தைப் படமெடுப்பார்கள். குழாய்க்குள் இருக்கும் தூசி, ஓரத்து இருட்டு எல்லாம் அதில் பதியும். பிறகு அதைக்கொண்டு இரவுப் படத்திலிருந்து அந்த அழுக்குகளைக் கழித்துவிடலாம். நட்சத்திரம் தெரியத் தொடங்க முதல் பத்து நிமிடம்தான் அதற்கு அவகாசம்.

துணி, நிஷானியின் கலியாணச் சேலை. தேவாலயத்தில் உடுத்த வெள்ளைப் பட்டு, கரையில் மட்டும் மெல்லிய வெள்ளிக்கோடு. முதல் வருசம் றோகானின் பனியனை மாட்டினார்கள், அது தையல் தையலாகப் பதிந்தது. அவள்தான் சிரித்துக்கொண்டு அலுமாரியிலிருந்து சேலையைக் கொண்டுவந்தாள். "ஒரு நாள் உடுக்கிறதுக்கு வாங்கினது. எவ்வளவு காலம் பெட்டியில கிடக்கிறது?" என்றாள். "மனிசி, நீர் ஒரு விஞ்ஞானி!" என்று அவன் அவள் நெற்றியில் முத்தமிட்டான். அன்றிலிருந்து அவர்கள் எடுத்த ஒவ்வொரு வெள்ளைப்படத்தின் வெளிச்சமும் அந்தச் சேலைக்குள்ளால் வந்ததுதான். இரண்டாக மடித்து அவள் இரு கையாலும் இறுக்கிப் பிடிப்பாள், அவன் பொத்தானை அழுத்துவான். இரண்டு பேர் வேண்டிய வேலை.

ஆறரை மணிக்கு அவள் சேலையோடு, றோகான் தொலைநோக்கியடியில் நின்ற கிணற்றடிக்குப் போனாள். வேலிக்கு அப்பால் துணி எடுத்துக்கொண்டிருந்த ஜெயகௌரி அக்கா எட்டிப் பார்த்தா.

"நேற்றிரவும் வானத்தைப் படம் பிடிச்சனீங்கள் போல. என்ரை வீட்டுக் கூரை படத்தில விழேல்லையோ?"

"இல்லையக்கா, உங்கடை கூரை இன்னும் வானத்துக்குப் போகேல்லை," என்றான் றோகான். ஜெயகௌரி அக்கா சிரித்துக்கொண்டு உள்ளே போனா. அவன் எல்லாரோடும் இப்படித்தான். இவன் போனபின் வேலிக்கு அந்தப் பக்கமும் இவனைத் தேடும் என்று நிஷானி நினைத்தாள்.

முக்காலியின் காலில் ஒரு தாள் தொங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தாள். றோகானின் குண்டுக் கையெழுத்தில் பதினேழு படிகள். எந்த வயரை முதலில் செருகுவது, குவியத்தை எப்போது திரும்பப் பார்ப்பது, பனி படியாமல் சூடாக்கும் பட்டியை எத்தனையில் வைப்பது. வயர்களிலும் அதே எண்கள் ஒட்டியிருந்தன. தாளை அவன் டவுனுக்குக் கொண்டுபோய், பிறப்புச் சான்றிதழுக்குச் செய்வதுபோல, கண்ணாடித்தாள் போட்டு உருக்கி ஒட்டுவித்திருந்தான். நனையாது, கிழியாது, வருசக்கணக்காகக் கிடக்கும்.

"எல்லாம் ஒராளே செய்யக்கூடிய மாதிரி ஒழுங்குபடுத்திப் போட்டன்," என்றான். "இந்த வெள்ளைப்படம் மட்டும்தான் இடிக்குது. கமரா முன்னால நீட்டிக்கொண்டு நிக்கிறதால துணி கூடாரம்போல தூக்குது, மடிப்பு விழுது. நடுவில ஒரு ஓட்டை போட்டால் துணி சமனாய் இருக்கும். பிறகு சுத்தி இந்த லாஸ்ரிக் வளையத்தைப் போட்டுவிட்டால் பிடிச்சுக்கொண்டு நிக்கவும் தேவையில்லை."

"பிடிச்சுக்கொண்டு நிக்கிறது எனக்குக் கஷ்டமில்லையே."

"இப்ப இல்லை. நான் போனபிறகு நீர் பிடிச்சால் ஆர் பொத்தானை அமத்திறது?"

அவன் அதை ஒரு கணக்கின் அடுத்த வரியைப்போலச் சொன்னான். பையில் கத்திரிக்கோல் வைத்திருந்தான்.

மேற்கே வானம் பப்பாசிப்பழ நிறத்திலிருந்து சாம்பலுக்கு மாறத் தொடங்கியிருந்தது. நிஷானி சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த விருச்சிகத்துக்கு வருவீங்களோ?"

அவன் நிமிரவில்லை. வயர் ஒன்றைச் செருகினான், பிறகு கழற்றினான்.

"றோகான். என்னைக் கூப்பிடுற யோசினை இருக்குதோ, இல்லையோ? ஓம் எண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை."

அவன் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். அவன் கண்ணாடியில் வானத்தின் கடைசி வெளிச்சம் விழுந்ததால் கண்கள் தெரியவில்லை.

"எனக்கு ஆரிலையும் கோவமில்லை, நிஷா. வேற ஒருத்தியும் இல்லை. உமக்கு அது தெரியவேணும்."

"நான் அதைக் கேக்கேல்லை."

"நான் தனிய இருக்கவேணும்போல கிடக்கு. இஞ்சை ஒவ்வொரு அறைக்குள்ளையும் நாங்கள் காத்துக்கொண்டிருந்தது கிடக்கு. பிள்ளைக்குக் காத்திருந்தது, அப்பாவுக்குக் காத்திருந்தது. எனக்கு இனிக் காத்திருக்க ஏலாது. உம்மைப் பாக்கேக்கை எனக்கு அதுதான் ஞாபகம் வருது. அது உம்மடை பிழையில்லை." அவன் குரல் உடைந்தது. "எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல்தான்... உமக்கு இதெல்லாத்தையும் ஒழுங்குபண்ணிப்போட்டுச் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

அவள் முக்காலியில் தொங்கிய தாளைப் பார்த்தாள். அதைவிட அன்பாக யாரும் யாரையும் விட்டுப் போயிருக்க முடியாது என்று தோன்றியது. அந்த எண்ணமே அவளை முழுதாகச் சாய்த்தது. கோபப்படக்கூட அவன் இடம் வைக்கவில்லை. காத்திருந்த இரவுகளைத்தான் அவள் சொத்தென்று சேர்த்து வைத்திருந்தாள். அதே இரவுகளை அவன் பாரமென்று எண்ணிக்கொண்டு, பக்கத்துக் கதிரையில் இருந்திருக்கிறான். ஒரே வானத்தைத்தான் பார்த்தார்கள். அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

"இருட்டப் போகுது," என்றாள். "கத்திரிக்கோலைத் தாங்கோ."

"வேண்டாம், நிஷா. வேற துணி பாப்பம். ஒரு படுக்கை விரிப்பு..."

"விரிப்பெல்லாம் பூப்போட்டது. தாங்கோ."

சேலையை இரண்டாக மடித்துக் குழாயின் வாயில் விரித்தாள். கமராவின் மேல் அது கூடாரமாக எழும்பியது. அந்த வட்டத்தை விரலால் தடவி அளவெடுத்து, துணியைத் தூக்கி வெட்டினாள். பட்டு எதிர்ப்புக் காட்டவில்லை. கத்திரிக்கோல் கூர்மையாக இருந்தது. அதையும் அவன் தீட்டிவைத்திருப்பான். உள்ளங்கை அளவில் இரண்டு வட்டங்கள் சீமெந்தில் விழுந்தன. காற்று ஒன்றைக் கிணற்றுக்குள் கொண்டுபோனது. மற்றதை றோகான் குனிந்து எடுத்தான். என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

துணி இப்போது ஒரு சுருக்கமுமில்லாமல் படிந்தது. அவள் லாஸ்ரிக்கை மாட்டினாள். படி பதினைந்து, பதினாறு. பொத்தானை அவளே அழுத்தினாள். முப்பது வெள்ளைப்படம் எடுக்க ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

ஞாயிறு பின்னேரம் செல்வரட்ணம் அண்ணை முச்சக்கரவண்டியில் வந்தார். நாரியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, விறாந்தையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தார்.

"என்ன, தீர்ப்பு வந்திட்டுதோ? எதை விட்டிட்டுப் போறது?"

"அவ சொல்லட்டும்," என்றான் றோகான்.

தட்டிலிருந்து எடுத்த அட்டையைத் திரும்ப வைக்கும் அந்தக் கணம் நிஷானிக்கு வந்தது. நீளக் குழாய் என்று அவளால் சொல்ல முடியும். சொன்னால் நாலாவது துண்டு இருக்கும், பன்னிரண்டு மணித்தியாலம் இருக்கும், பக்கத்தில் ஒரு வெறும் கதிரை இருக்கும். அவன் வருவான் என்று இன்னும் நம்புகிறாள் என்பதாக அவன் அதை எடுத்துக்கொள்வான். அந்தப் பாரத்தையும் சேர்த்து அவன் மெல்பேர்ணுக்குக் கொண்டுபோவான். அவளோ ஒவ்வொரு ஆடியிலும் காத்திருப்பாள்.

"கட்டையை விடுங்கோ அண்ணை," என்றாள். "ஒராளுக்கு அது சுகம்."

"அதுதானே! நான் நினைச்சனான்," என்றார் செல்வரட்ணம் அண்ணை. "ஆனால் ஒண்டு, பிள்ளை. உதிலை கண் வைக்கேலாது, பிறகு என்னைத் திட்டப்படாது."

"இல்லை, திட்டமாட்டன்."

நீளக் குழாயைப் படுக்கை விரிப்பால் சுற்றி, றோகானும் வண்டிக்காரனுமாகப் பின்சீட்டில் ஏற்றினார்கள். உள்ளே அடங்கவில்லை. ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வண்டி ஒழுங்கை முனையில் திரும்பும்வரை விரிப்பின் பூக்கள் தெரிந்தன.

றோகான் படலையைச் சாத்திவிட்டு வந்தான். "பழைய மூண்டு துண்டும் கணினியில கன இடம் பிடிக்குது," என்றான், பேச ஏதாவது வேண்டுமென்பதற்காக. "இனித் தேவைப்படாது. அழிக்கட்டோ?"

"அதுகள் கிடக்கட்டும்."

அவன் தலையாட்டினான். பிறகு உள்ளே போனான். சூட்கேசின் சில்லுகள் அறைத் தரையில் உருளும் சத்தம் கேட்டது.

நிஷானி கிணற்றடிக்குப் போனாள். முதல் நாள் எடுத்த வெள்ளைப்படங்களில் கொஞ்சம் வெளிச்சம் கூடிப்போயிருந்தது. இன்றும் எடுத்தால் நல்லது. சேலையை விரித்தாள். ஓட்டை கமராவின்மேல் சரியாக இறங்கியது. லாஸ்ரிக்கைச் சுற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

கமரா எண்ணத் தொடங்கியது. மேற்கே நிறம் வடிந்துகொண்டிருந்தது. எட்டு, ஒன்பது, பத்து. அப்போதுதான் அவள் தன் இரண்டு கைகளையும் கவனித்தாள். அவை தோள் உயரத்துக்கு எழும்பி, துணியை இறுக்கிப் பிடிக்கிற அகலத்தில், வெறும் காற்றில் நின்றுகொண்டிருந்தன.